பொங்கல் அடுப்புக்குள் ஒரு குட்டை

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஒரு மண் அடுப்புக்காக ஊரைக் கூட்டினேன் என்று எழுதும்போது, படிப்பவர்கள் "அட, இவ்வளவு நல்ல பெண்ணா இப்படிக் கத்தினாள்" என்று ஏமாந்துபோகக் கூடாது.

ஐம்பதுகளின் நடுவில் நானும் அம்மாவும் தண்டையார்பேட்டையில் ஒரு நாலு குடித்தன வீட்டில் இருந்தோம். நடுவில் முற்றம், முற்றத்தில் ஒரு குழாய், மாடிப்படிக்கு அடியில் எல்லாருடைய தட்டுமுட்டுச் சாமானும். காலையில் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பேன். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் குட்டை குட்டையாக அலைவேன். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் என்னைப் பகுதிநேர ஆராய்ச்சி மாணவியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். என் ஆராய்ச்சி ஆஸ்ட்ரகோட் என்ற நன்னீர்ப் பூச்சிகளைப் பற்றியது.

பூச்சி என்று சொல்வது தப்பு. அவை இறால், நண்டுக்கெல்லாம் உறவு. ஆனால் பெரியதே ஒரு எள் அளவுதான் இருக்கும். சிறியதைக் கசகசாவோடு கொட்டினால் பொறுக்கி எடுக்க முடியாது. உடம்புக்கு மேல் இரண்டு ஓடு, திறந்து மூடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு மொச்சைக்கொட்டை பிளந்துகொண்டு, உள்ளேயிருந்து காலையும் மீசையையும் நீட்டி, தண்ணீரில் ஓடுவது தெரியும். கண்ணாடியை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை, கலங்கல் தண்ணீரில் நாலு புள்ளி.

இந்த நாலு புள்ளிக்காக நான் சுற்றாத தண்ணீர் இல்லை. திருவொற்றியூர்க் கோயில் குளத்தில் பாசிக்குள் பச்சையாக ஒரு வகை நீந்தும். மாத்தூர் வயல்களில் நீளமாக, ஒல்லியாக ஒரு வகை. நாற்று நட்ட பதினைந்து நாளில் திடீரென்று நிறைந்துபோகும். டோல்கேட்டில் வண்டிமாடுகள் குடிக்கும் சிமெண்டுத் தொட்டியில்கூட ஒரு வகை இருந்தது. மாடு தண்ணீர் குடிக்கும்போது நான் பக்கத்தில் குனிந்து தேநீர் வடிகட்டியால் அலசிக்கொண்டிருப்பேன்; வண்டிக்காரர்கள் என் அம்மாவிடம் வந்து விசாரித்தார்கள், பெண்ணுக்கு ஏதாவது வேண்டுதலா என்று. எண்ணூர்ப் பக்கம் போனால் தண்ணீரில் உப்பு ஏறும். அங்கே இவை எதுவும் இருக்காது, வேறு ஜாதி மொச்சைகள் இருக்கும். ஒரே பஸ் ரூட்டில் இத்தனை குடும்பங்கள். அந்த நாட்களில் எனக்கு அது போதுமான சந்தோஷமாக இருந்தது, இப்போது நினைத்தாலும் இருக்கிறது.

எதிர் அறையில் ஒரு மீன்காரக்கா குடியிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கடலோரக் குப்பத்தில் அவருடைய குடிசையை அலை கொண்டுபோய்விட்டது. அதனால் புருஷனையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு அறைக்கு வந்திருந்தார். புருஷன் கட்டுமரத்தில் போவார். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். என் ஊறுகாய் ஜாடிகளை, ஜாம் பாட்டில்களை வரிசையாகப் பார்த்துவிட்டு முதல் நாளே கேட்டார்.

"இன்னா டீச்சரம்மா, இத்தினி ஜாடியில கலங்கத் தண்ணி வெச்சிகினு கீற? ஊறுகா போடப் போறியா?"

"உயிர் வளர்க்கறேன் அக்கா. இறாலுக்குச் சொந்தம்."

"இறாலுக்குச் சொந்தமா? அப்ப கூறு இன்னா வெல?"

நான் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அதே அக்காதான் நாலு நாள் கழித்து, நான் ஜாடிக்குள் வலையை விட்டுத் துழாவுவதைப் பார்த்துப் பொறுக்காமல், ஒரு கருவாட்டுத் துண்டை நூலில் கட்டி உள்ளே இறக்கினார். "தண்ணிக்குள்ள கீறது எதுவானாலும் மீன் வாசனைக்கு வராம பூடுமா? சும்மா தொயாவிகினு கீறியே" என்றார். காலையில் கருவாட்டை எடுத்தால் அதில் மொய்த்துக்கொண்டு நூறு மொச்சை. கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றிலிருந்து வாரம் ஒரு கருவாட்டுத் துண்டு எனக்கு இனாம். கண்ணாடியில் பாருங்கள் என்று கூப்பிட்டால் மட்டும் வரமாட்டார். "மீனப் பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப் போச்சி, போ" என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டோல்கேட்டைத் தாண்டி வடக்கே, ரயில் பாதையை ஒட்டி, எருமைகள் படுத்துக்கிடக்கும் ஒரு குட்டை இருந்தது. ஐப்பசியில் நிறையும், சித்திரையில் வற்றிப் பாளம் பாளமாக வெடிக்கும். பார்க்கக் கண்றாவியாக இருக்கும். அதில் பழுப்பு உடம்பில் பச்சைப் பட்டை போட்ட ஒரு வகை இருந்தது. அந்த வகை எனக்குப் புதிதில்லை. ஆறு குட்டைகளில் பார்த்திருக்கிறேன். ஆறிலும் பெண்கள்தான், ஆணே கிடையாது. இந்தக் குடும்பங்களில் அது சகஜம். பெண்ணே முட்டையிடும், முட்டையிலிருந்து பெண்ணே வரும், ஆண் என்ற பேச்சே எழாது. ஆனால் எருமைக் குட்டையில் மட்டும் நான் இரண்டு ஆண்களைப் பார்த்தேன்.

பார்த்தேன் என்றால் பார்த்தேன். ஓட்டுக்குள் பின்பக்கமாக நூலைச் சுற்றி வைத்த மாதிரி ஒரு சுருள் தெரியும். அது ஆணுக்குத்தான் உண்டு. ஒன்றை அறுத்துப் பார்க்கிறேன் என்று ஊசியால் குத்திக் கெடுத்தேன். மற்றொன்று கண்ணாடிச் சில்லிலேயே காய்ந்து சருகாகிவிட்டது. பேராசிரியரிடம் ஓடினேன். அவர் சருகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேற ஏதோ வகை கலந்திருக்கும் அம்மா. வலையைக் கழுவினீங்களா?"

"கழுவினேன் சார்."

"உயிரோட கொண்டுவாங்க. ஆணும் பெண்ணும் சேர்ந்து இருக்கணும். அடுத்த மார்ச்சு கடைசிக்குள்ள காட்டினா அந்த அத்தியாயத்தை வெச்சுக்கலாம். இல்லேன்னா எடுத்துடுங்க."

அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் என் ஆராய்ச்சியில் மிச்சம் என்ன? எந்தக் குட்டையில் எது இருக்கிறது என்ற பட்டியல். பஸ் கால அட்டவணைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளைத் தண்ணீரில் கொட்டியிருந்தேன். அந்த ஆண்கள் எனக்கு வேண்டும்.

அது மே மாதம். குட்டை வற்றிக் கிடந்தது. ஆனால் இந்த ஜீவன்களின் முட்டை காய்ந்த மண்ணில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூடக் கிடக்கும். தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் வெடித்த பாளங்களை மேலாகப் பெயர்த்து ஒரு பெரிய பிஸ்கட் டின் நிறையக் கொண்டுவந்தேன். நல்ல வேளை கொண்டுவந்தேன். ஜூலையில் போய்ப் பார்த்தால் குட்டையைக் காணோம். யாரோ கிடங்கு கட்டுவதற்காக சாம்பலும் கப்பியும் கொட்டி மேடாக்கியிருந்தார்கள். எருமைகள் மேட்டின் மேல் நின்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தன. நானும் அவற்றோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அக்டோபரில் டின்னில் பாதியை எடுத்து வீட்டிலிருந்த ஒரு தகரத் தொட்டியில் கரைத்தேன். குழாய்த் தண்ணீரில். காலரா பயத்தில் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. எனக்குத் தெரியும், ஆனால் அவசரம். பத்து நாள், இருபது நாள், ஒரு மாதம் பார்த்தேன். ஒரு புள்ளிகூட ஓடவில்லை. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா ஒருதரம் சொன்னாள், நான் முறைத்ததில் மறுதரம் சொல்லவில்லை.

மிச்சப் பாதி டின்னை, மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்யலாம் என்று மாடிப்படிக்கு அடியில் வைத்தேன். வைக்கும்போது மீன்காரக்கா குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டின்னுல இன்னா டீச்சரம்மா?"

நான் தோற்ற எரிச்சலில் இருந்தேன். "ஒண்ணுமில்ல. வெறும் மண்ணு" என்றேன்.

இந்த இடத்தை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

நவம்பர் மழையில் இரண்டு பானை நிறைய நல்ல தண்ணீர் பிடித்து மூடி வைத்தேன். அப்புறம் பள்ளியில் அரையாண்டுப் பரீட்சை, திருத்துவதற்கு விடைத்தாள் மூட்டை. ஜனவரியில், பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, சாயங்காலம் டின்னை எடுத்தேன். லேசாக இருந்தது. திறந்தால், துடைத்து வைத்த மாதிரி காலி.

"அம்மா! டின்னுல இருந்த மண் எங்க?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. எதிர் அறையிலிருந்து அக்கா தலையை நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"நான்தான் எட்த்தேன் டீச்சரம்மா. இன்னா ஷோக்கான மண்ணு! உப்பு இல்ல, கல்லு இல்ல, வெண்ண மாரி கீது. நம்ம கடலோர மண்ணுல அடுப்பு போட்டா பொலபொலன்னு வுய்ந்துடும். தோ பாரு."

முற்றத்து மூலையில், சாக்கின் மேல், புது அடுப்பு உட்கார்ந்திருந்தது. உமி போட்டுப் பிசைந்து, பானை உட்கார மூன்று குமிழ் வைத்து, மேலே சாணி மெழுகி, அழகாகக் காய்ந்துகொண்டிருந்தது. பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் புது அடுப்பு போடுவார்கள். குப்பத்து வீடு போனபிறகு அக்காவுக்கு இது முதல் பொங்கல். புது வீட்டில், புது அடுப்பில், புதுப்பானை வைக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

"யாரைக் கேட்டு எடுத்தே? என் சாமான்ல கை வெக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தா?"

அவரை நான் ஒருநாளும் "நீ" என்று பேசியதில்லை. அன்று வாயில் அதுதான் வந்தது. சிரிப்பு அப்படியே அவர் முகத்தில் நின்றுபோயிற்று.

"நீதான சொன்ன, வெறும் மண்ணுன்னு."

"சொன்னா? சொன்னா எடுத்துடறதா? உன் ஒரு வேளைப் பொங்கலுக்கு என் மூணு வருஷத்தைப் பிசைஞ்சு வெச்சிருக்கே!"

நாலு குடித்தனமும் வாசலுக்கு வந்துவிட்டது. அக்காவின் பிள்ளைகள் இரண்டும் அவர் புடவைக்குப் பின்னால் ஒதுங்கின. வாய்க்குப் பேர்போன மீன்காரக்கா, கூறுக்கு ஒரு தம்பிடி குறைத்துக் கேட்டால் தெருவையே உண்டு இல்லை என்று பண்ணிவிடுபவர், பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி, உனக்கு வெட்கமா இல்ல? ஒரு பிடி மண்ணுக்கா இந்த ஆட்டம்?"

"மண்ணு இல்லம்மா, மண்ணு இல்ல" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அழுதுவிட்டேன். ஆண்கள் போனதற்குப் பாதி, அந்த "நீ"க்குப் பாதி.

என் மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அடுப்பு இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. வெயிலில் காய்ந்தால் முட்டைக்கு ஒன்றும் ஆகாது, குட்டையிலும் அப்படித்தானே காய்ந்தது. நெருப்பு பட்டால்தான் போயிற்று. தைப்பொங்கல் அன்று காலை நெருப்பு படும். அதற்குள் உடைத்தால் உண்டு. ஆனால் பண்டிகைக்குப் போட்ட அடுப்பை உடை என்று எந்த வாயால் கேட்பது? அதுவும் கத்தின இந்த வாயால்? கடலிடம் வீட்டைப் பறிகொடுத்தவரிடமிருந்து நான் அடுப்பையும் கொண்டுபோகட்டுமா? வேண்டாம், அத்தியாயம் போனால் போகட்டும் என்று முடிவு செய்தேன். அப்படி முடிவு செய்தது உண்மை. அதனால் மனசு ஆறிவிட்டது என்று சொன்னால்தான் பொய்.

மறுநாள் காலை மீன் எடுக்கப் போய்விட்டு வந்த அக்கா, கூடையைக்கூட இறக்காமல் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாதான் கீது அதுல? சொல்லு. வெறும் மண்ணுன்னு சொன்னே, கூடையாலயே அடிப்பேன்."

"அக்கா, நேத்து நான் பேசினது..."

"அத்த வுடு. மண்ணுல இன்னா கீதுன்னு கேட்டேன்."

சொன்னேன். முதல்முறையாக ஒழுங்காக, என் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடப் பொறுமையாகச் சொன்னேன். கோயில் குளத்து ஜாடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். கூடையை இறக்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.

"அடியாத்தீ! மொச்சக்கொட்ட நீந்துது! காலு ஒதறுது பாரேன்!"

"அந்த மண்ணுல இருக்கற வகையை வேற எங்க பார்த்தாலும் பொம்பளைங்கதான் அக்கா. ஆம்பளையே கிடையாது."

நிமிர்ந்து பார்த்தார். "ஆம்பளையே இல்லியா? பின்ன புள்ள குட்டி?"

"தானாவே."

"குடிச்சிட்டு வந்து பேஜாரு பண்ண ஒர்த்தனும் இல்லியா? நல்ல குடும்பம்டி இது." அப்புறம் யோசித்தார். "அப்ப அந்த எருமக்குட்டையில மட்டும் ஆம்பள கீதுன்ற. குட்டையத் தூத்துட்டானுங்க. இப்ப அதுங்க மொத்தமும் எங்கூட்டு அடுப்புல கீது."

"ஆமா."

"உசுரோட?"

"முட்டையா. காய்ஞ்சு கிடக்கும். நெருப்பு படற வரைக்கும் உயிர் இருக்கும்."

அக்கா எழுந்து முற்றத்துக்குப் போனார். அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். ஒரு குமிழைத் தடவினார். பிறகு என் தொட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

"அக்கா, வேண்டாம். பண்டிகைக்குப் போட்டது. நான் கேக்கல."

"நீ கேட்டாத்தான் நான் குடுக்க மாட்டேனே. நேத்து கேட்ட கேள்விக்கு."

பக்கத்து அறைக் குமாஸ்தா வீட்டம்மா கையை உதறிக்கொண்டு வந்தார். "அபசகுனம்! போட்ட அடுப்பைப் பண்டிகை முன்னாடி கரைப்பாங்களா? வீட்டுக்கு ஆகுமா?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யம்மா, கடலப் பாக்காத கட்டுமரம் கட்டுமரமா? வெறுங்கட்ட. நெருப்பு பாக்காத அடுப்பு மட்டும் எப்படி அடுப்பாவும்? இதுல நெருப்பு வெச்சிருந்தா நீ சொல்றது நாயம். இப்ப இது மண்ணு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "மண்ணு கூட இல்ல, குட்டை."

என்னைத் தொட விடவில்லை. அவரே குமிழ்களைத் திருகி எடுத்தார், சுவரை உள்ளங்கையால் அழுத்தி உடைத்தார், கட்டி கட்டியாகத் தொட்டியில் போட்டார். நான் இரண்டு பானை மழைத்தண்ணீரையும் ஊற்றினேன். மண் கரைந்து, உமி மேலே மிதந்து, சாணி நிறத்தில் தண்ணீர் கலங்கி நின்றது. குமாஸ்தா வீட்டம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

வேறு மண்ணில் அடுப்பு போட்டுக் காயவைக்க நாள் இல்லை. மார்கழிப் பனியில் ஒரு வாரமாவது ஆகும். பொங்கலன்று அக்கா முற்றத்தில் மூன்று செங்கல்லைக் கூட்டி அதன் மேல் பானையை வைத்தார். புதுப்பானை, பழைய செங்கல். பால் பொங்கினபோது அவர் பிள்ளைகள் போட்ட கூச்சலில் தெருவே எட்டிப் பார்த்தது. முதல் பிடிப் பொங்கலை இலையில் வைத்து என்னிடம் நீட்டி, "தின்னு. கத்தறதுக்குத் தெம்பு வோணுமில்ல" என்றார். வாங்கிச் சாப்பிட்டேன். நெய் தாராளமாக விட்டிருந்தார்.

அப்புறம் காத்திருப்பு. பத்து நாள் ஒன்றுமில்லை. அக்கா தினமும் மீன் விற்றுத் திரும்பினதும் தொட்டியண்டை வந்து, "மொச்ச பொறந்துச்சா?" என்பார். ஐந்தாம் நாள் சிரித்தேன். எட்டாம் நாள் சிரிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள், "பொறந்தா நான் தம்பட்டம் அடிக்க மாட்டேனா, ஏன் உயிரை எடுக்கறீங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் பாட்டுக்கு ஒரு கருவாட்டுத் துண்டை நூலில் கட்டித் தொட்டியில் இறக்கிவிட்டுப் போனார்.

காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நூலை எடுத்தேன். கருவாட்டின் ஓரத்தில் தூசி ஒட்டின மாதிரி இருந்தது. தூசி நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன், ஓடு இன்னும் கண்ணாடி மாதிரி மெலிசாக, இரண்டு மூன்று ஜதைக் காலோடு, நேற்றோ முந்தாநாளோ பிறந்த குஞ்சுகள். நான் தம்பட்டம் அடித்தேனோ இல்லையோ, அக்காவின் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். அவர் ஈரத்தலையோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு, "ஆச்சிம்மா, உங்க வூட்ல விசேசம். சக்கர குடுங்க" என்றார்.

பிறந்தால் ஆயிற்றா? ஆணா என்று தெரிய வேண்டுமே. இவை எட்டு தடவை ஓட்டைக் கழற்றி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரியதான ஓடு கட்டிக்கொண்ட பிறகுதான் முழு ஆளாகும். அதுவரை ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. பிப்ரவரி போயிற்று. நான் தினமும் பள்ளிக்கூடம் போனேன், வந்தேன், தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேராசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது, அத்தியாயம் என்னவாயிற்று என்று. பதில் போடவில்லை.

மார்ச் இரண்டாம் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். பச்சைப் பட்டை போட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண், பெண், பெண். பத்தொன்பது பெண்கள். இருபதாவது, இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மற்றொன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு விடாமல் நீந்தியது. சின்னதின் ஓட்டுக்குள், பின்பக்கம், நூல் சுருள். இந்தத் தடவை ஊசியைத் தொடவே இல்லை. "அக்கா!" என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் கத்தின கத்தல்களில் அது ஒன்றுதான் உருப்படி.

அக்கா வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவன்தானா?" என்றார். "இத்தினிக்கூண்டு பயலுக்கா இம்மாம் பெரிய கலாட்டா?"

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து ஜதை கிடைத்தது. மறுநாள் காலை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு, ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கல்லூரிக்குப் போனேன். பள்ளத்தில் பஸ் குதிக்கும்போதெல்லாம் ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பேராசிரியர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார். பிறகு நிமிர்ந்து, "ஆறு ஜதை இருக்கே" என்றார். "குட்டை தூர்ந்துபோச்சுன்னீங்க. இந்த மண்ணை எப்படி வெச்சிருந்தீங்க?"

"டின்னுல பாதி நாள் சார். அப்புறம் அடுப்பா."

"என்ன?"

முழுவதும் சொன்னேன். உமி, சாணி, மூன்று குமிழ் எல்லாம். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "அதை அப்படியே எழுதுங்க. பிசைஞ்சு, உருட்டி, வெயில்ல காயவெச்சு, மறுபடி கரைச்சும் முட்டை தாங்கியிருக்கு. இதுவும் ஒரு விஷயம்தான்" என்றார். எழுதினேன். அத்தியாயம் நின்றது, பட்டமும் வந்தது. அடுப்புப் போட்டவர் யார் என்று ஆராய்ச்சியில் எழுத இடமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சித்திரையில் தொட்டி வற்றியது. நான் வற்றவிட்டேன். அடியில் மண் வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று படிந்திருந்தது. அப்படியே தொட்டியோடு தூக்கிக்கொண்டு போய் அக்காவின் வாசலில் வைத்தேன்.

"உங்க அடுப்பு அக்கா."

"எனுக்கா? வேல முடிஞ்சிதா?"

"முடிஞ்சுது."

உமி போட்டு மறுபடி பிசைந்தார். நானும் பக்கத்தில் குந்திப் பிசைந்தேன். இந்தத் தடவை விட்டார், என் கைவண்ணத்தைப் பார்த்துக் கேலி செய்துகொண்டே. இரண்டு குமிழ் வைத்தாயிற்று. மூன்றாவதற்கு மண்ணை உருட்டினவர் சட்டென்று நிறுத்தினார்.

"டீச்சரம்மா, இதுல இன்னும் முட்ட கீதா?"

"இருக்கும். அதுங்க போட்டுட்டுத்தானே போயிருக்கும்."

"அப்ப நெருப்பு வெச்சா?"

"போயிடும்."

கையிலிருந்த உருண்டையைப் பார்த்தார். அதைக் குமிழாக வைக்கவில்லை. உள்ளே போய் அந்தக் காலி பிஸ்கட் டின்னை எடுத்துவந்தார். கத்தின அன்று நான் முற்றத்திலேயே போட்டுவிட்டுப் போனதை அவரே எடுத்து வைத்திருந்திருக்கிறார். உருண்டையை அதில் போட்டார். இன்னும் ரெண்டு கை மண்ணை வழித்து அதற்கு மேல் போட்டார். மூன்றாவது குமிழுக்கு ஒரு செங்கல் துண்டை மெழுகி வைத்தார்.

"குட்டையத்தான் தூத்துட்டானுங்களே. இது கிடக்கட்டும் உன் கைல" என்று டின்னை என்னிடம் நீட்டினார். நீட்டினவர் மறுபடி பிடுங்கிக்கொண்டார். "இரு. மேல எதனா எயுது. இல்லாட்டி இன்னொர்த்தி வந்து அடுப்பு போட்டுடுவா."

சாக்பீஸ் கொண்டுவந்தேன். "என்ன எழுதட்டும்?"

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் யோசிக்கவே இல்லை.

"வெறும் மண்ணு இல்லன்னு எயுது" என்றார்.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு எழுத்து கோணலாக வந்தது. அவர் பார்க்கப் பார்க்க, அதையே எழுதினேன்.